சுமைதாங்கிக் கல்

"உமக்குக் குழாயில அடைப்பில்லை. கர்ப்பப்பையிலயும் குறையில்லை. அவரின்ர பரிசோதனையும் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா முட்டை மட்டும் வளருதில்லை. ஆரோ உள்ளுக்கிருந்து பிடிச்சு வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு!"

யாழ்ப்பாணத்து டொக்டர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிரியவதனிக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

"வேறை ஏதும் மருந்து எடுக்கிறீரோ?"

"இல்லை, டொக்டர்."

"அப்ப அடுத்த மாதம் ஊசி போட்டுப் பாப்பம்."

அனலைதீவுக்குத் திரும்பும் வள்ளத்தில் கணவன் ஜதுர்சனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டரே சொல்லிப்போட்டார். இது உங்கட தங்கச்சியின்ர வேலைதான்."

"விசர்க்கதை கதையாதை!"

அதட்டினானே தவிர அவன் குரலில் பலமில்லை. அவன் தங்கை நிலாந்தி, பிள்ளைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, இதே கடலில் வள்ளத்துக்குள்ளேயே செத்துப்போனவள். வயிற்றுச் சுமையோடு போனவள் அதை இறக்கி வைக்கட்டும் என்று, தாய் இராசமணி இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிறுத்தியிருந்தாள். தனக்குக் கிடைக்காத பிள்ளை அண்ணன் மனைவிக்கும் கிடைக்கக்கூடாது என்று நிலாந்தி அலைகிறாளாம். ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டது.

வள்ளத்தால் இறங்கியபோது கல்லில் புது எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பிரியவதனி அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

வாசலில் மாமி இராசமணி காத்து நின்றாள். "களைச்சுப் போனாய், பிள்ளை. இரு, பால் கொண்டு வாறன்."

ஊரில் அவளைக் குத்திப் பேசாத ஒரே ஆள் மாமிதான். நல்ல மனுசி.

ஜதுர்சன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். விளக்கு வைக்கும் நேரம். வீட்டின் பின்பக்கமிருந்து, பொழுதுபட்டால் தினமும் கேட்கும் அந்தக் கிசுகிசுப்பு மெல்ல எழுந்தது.

"நிலாந்தி... நிலாந்தி..."

மற்ற நாட்களில் போர்வைக்குள் புகுந்துகொள்வாள். இன்று எழுந்தாள். பேயானால் என்ன, மச்சாள்தானே! காலில் விழுந்தாவது ஒரு பிள்ளை கேட்டுவிடுவது என்று சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். சத்தம் அடுப்பெரிந்த குசினிக்குள் இருந்துதான் வந்தது. கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே பேய் இல்லை. மாமி மட்டும்தான். பால் தம்ளரின் அடியில் மாத்திரைத் தகட்டிலிருந்து எடுத்த ஒரு சின்னக் குளிசையைக் கரண்டியால் நசித்தபடி, யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்பிடாதை, நிலாந்தி. உன்னை மாதிரி இவளையும் அந்தக் கடலுக்குக் குடுக்கமாட்டன். நான் இருக்கும்வரைக்கும் இவளின்ர வயித்தில ஒண்டும் தங்காது."