இரண்டாவது குழு

“அடுத்து யாரு?” என்று நிமிராமலே கேட்டாள் ரீத்தா டீச்சர்.

பெற்றோர் கூட்டத்தின் கடைசி ஆளாக நின்றிருந்த சவரிமுத்து முன்னால் வந்தார். எழுபது வயதிலும் வளையாத முதுகு. யாரிடமும் எதுவும் கேட்டு நின்றதில்லை என்று கச்சிராயபாளையமே சொல்லும்.

“செலினா விஷயமா வந்தேங்க டீச்சர்.” பள்ளிக்கூடப் படி ஏறிவிட்டால் டீச்சர் டீச்சர்தான் என்பது அவர் கொள்கை.

“வந்ததுக்குக் கையெழுத்துப் போடுங்க.”

“போடறங்க. பேத்தியை மொதல் குழுவுக்கு மாத்தி வுடணும்.”

ரீத்தா முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தாள். முதல் குழுவுக்குப் பட அட்டை, பாட்டு, நடிப்பு என்று புது முறையில் வாசிப்பு. இரண்டாவது குழுவுக்குப் பழையபடி கரும்பலகை. செலினா இரண்டாவதில் இருந்தாள்.

“கூட்டாளிப் பொண்ணு கமலா டவுன் பஸ் போர்டைப் படிக்குது. இது டிரைவர் மூஞ்சியைப் பார்த்து வடக்கனந்தல் பஸ்ஸுங்குது. எல்லாம் சிரிக்குதுங்க. ராத்திரி புஸ்தகத்தை வெச்சிக்கினு அழுவுதுங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“மார்ச்ல கடைசித் தேர்வு முடியற வரைக்கும் அந்தப் புள்ளைங்களுக்கு நான் தனியா ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரக் கூடாது. இப்ப ஒருத்தரை மாத்தினா நாலு வருஷ உழைப்பு போச்சு. கைடு ஒத்துக்க மாட்டாரு.”

பக்கத்து மேசையிலிருந்த தலைமையாசிரியை தைலம்மாள் சிரித்தார். “கல்வராயன் மலையைக்கூட நவுத்திடலாம் பெரியவரே, இந்த டீச்சரை நவுத்த முடியாது. நானே சொல்லிப் பார்த்துட்டேன்.”

மணி அடித்தது. தைலம்மாள் எழுந்து வெளியே போனார்.

சவரிமுத்து நகரவில்லை. கையெழுத்துப் போட்ட பேனாவை மூடவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னால் இவள் இறங்கி வருவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“எங்க வூட்ல யாரும் சலுகை கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்கறேன். சீட்டு அப்படி வுழுந்துடுச்சின்னா கொழந்தை இன்னா பண்ணும்?”

ரீத்தா அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“சீட்டு மொதல் குழுவுலதான் வுழுந்துச்சு மாமா. பெத்த பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டான்னு நம்ம குடும்பத்தை யாரும் பேசிடக் கூடாதேன்னு நாந்தான் மாத்திட்டேன்.”