பச்சை முட்டை

"ஒரே ஒரு முட்டை கூடவாக்கா இல்ல?"

வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் போட்ட கூச்சலில், மணியம்மாள் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இல்லியே மணி," என்றாள் ஜைனம்பு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மணியம்மாளின் மகள் திரௌபதி முந்தின நாள்தான் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். அப்படி உட்கார்ந்த பெண்ணுக்கு விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, கூடவே நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம். இடுப்பு பலப்படும். அடுத்த வீட்டிலோ கொட்டகை நிறைய வெள்ளைக் கோழி. ஜைனம்பு கேட்காமலே கொண்டுவருவாள் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மணியம்மாள் வேலியோரம் வந்தாள்.

"அப்ப அத்தினி கோழியும் இன்னாத்துக்குக் கத்துது? கச்சேரியா வெக்குது?"

ஜைனம்பு குனிந்து தீனித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"உன் புள்ள மீரான் பட்டணத்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, இந்தக் கோழிங்களுக்குத் தண்ணி வெச்சது யாருக்கா? எங்க வூட்டு வலையில எறா விழுந்தா மொதப் பங்கு யாருக்கு வருது?"

"உள்ள வேலை கெடக்குது மணி." போயே விட்டாள்.

சாயங்காலம் வேலி இடுக்கில் மணியம்மாள் அதைப் பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி. ஜைனம்பு ஒரு கூடை முட்டையையும் ஒவ்வொன்றாக அதில் உடைத்துப் போட்டு, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டிருந்தாள்.

மணியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண்ணுக்குக் கொடுப்பாளாம், என் பெண்ணுக்குக் கொடுக்க மாட்டாளாம்!

மறுநாள் காலை, மணியம்மாளின் அண்ணன் ஊரான அனுப்பம்பட்டிலிருந்து பஸ்ஸில் கீரை கொண்டுவரும் கஸ்தூரியம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். முளைக்கீரைக்குள்ளிருந்து சின்னச் சின்னதாக நாட்டுக்கோழி முட்டைகள்.

"ஏதும்மா இது?"

"உங்க அண்ணன் குடுத்தனுப்புனாரு. பொண்ணுக்காம்."

மணியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று முதல் தினமும் கீரையோடு முட்டையும் வந்தது. திரௌபதி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கன்னம் பளபளத்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மணியம்மாள் சொன்னாள்: "கூடப் பொறந்தவன் கூடப் பொறந்தவன்தான். அடுத்த வூட்டுக்காரங்களும் கீறாங்களே!"

மஞ்சள் நீராட்டு விழாவன்று பந்தலில் ஒலிபெருக்கி அலறியது. அண்ணன் உலகநாதன் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினான். பெண்கள் கூட்டத்தின் கடைசியில், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஜைனம்புவும் நின்றிருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றே மணியம்மாள் சத்தமாகச் சொன்னாள்.

"பண்ணையே வெச்சிருக்கிறவங்களுக்கு மனசு வரல. எங்கண்ணன்தான் தெனம் முட்டை அனுப்பி என் பொண்ணைத் தேத்துனாரு!"

உலகநாதன் விழித்தான். "இன்னா முட்டை?"

"நீதான குடுத்தனுப்புனே?"

"எங்க வூட்டுக் கோழியெல்லாம் கீரி தூக்கினு போயி வருஷமாச்சும்மா. நான் எங்க முட்டைக்குப் போவேன்?"

பந்தலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கஸ்தூரியம்மாள் மெதுவாக எழப் பார்த்தாள். மணியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்கம்மா. எங்க ஊர்ல வூடு வூடாப் போய் நாட்டு முட்டையாப் பார்த்து வாங்கியாரச் சொன்னது..." அவள் கூட்டத்தின் கடைசியைப் பார்த்தாள். அங்கே ஜைனம்பு இல்லை.

மணியம்மாள் தேடிக்கொண்டு போனபோது, அவள் கொட்டகைக்குப் பின்னால், குழியருகே உட்கார்ந்திருந்தாள்.

"கொட்டகை நெறைய வெச்சிக்கினு, எம் பொண்ணுக்கு வெளியூர்லருந்தா வாங்கினே? இன்னாக்கா இது?"

ஜைனம்பு முட்டைக் கூடையைத் தள்ளி வைத்தாள்.

"மீரான் சதை போடணும்னு இந்த முட்டையைத்தான் தெனம் பச்சையாக் குடிச்சான், மணி. காய்ச்சலும் பேதியும் வந்துச்சு. பட்டணத்துல எந்த மருந்துக்கும் அடங்கல. 'கோழிக்கு மருந்து வெக்கிறியாம்மா'ன்னு டாக்டரு கேட்டாரு. நோய் வராம இருக்கத் தெனம் தண்ணியில பொடி கலக்குறோம்னேன். 'கோழி வயித்துல கீற கிருமி அந்த மருந்துலயே வளந்து பழகிடுச்சு. இப்ப அதே மருந்தை உன் புள்ளைக்குக் குடுத்தா எப்படிக் கேக்கும்?'ன்னாரு. வேற ஏதோ மருந்தைத் தேடிப் புடிச்சுத்தான் பொழைக்க வெச்சாங்க."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமேக்கா!"

"எந்த வாயால சொல்றது? இதுக்கு மின்னாடி வண்டி வண்டியா அனுப்பினேனே, அதையெல்லாம் எந்தெந்தப் புள்ளைங்க குடிச்சுதோ. ராத்திரி கண்ண மூடினா அந்தப் புள்ளைங்க மொகம் தெரியாமலே வந்து நிக்குது."

"இப்பவும் வண்டி வருதா?"

"வருது. ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிடுறேன். திரௌபதிக்கு ஆகாதது, ஊரான் புள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

"யம்மா, ஆரத்திக்கு நேரமாச்சு!" பந்தலிலிருந்து திரௌபதியின் குரல் வந்தது.

"இரு, ஜைனம்பு பெரிம்மாவைக் கூட்டினு வரேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, மணியம்மாள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியருகே உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தானும் உடைத்துப் போட்டாள்.