முடிக்குப் பாத்திரம்

லோத்குண்டா பகுதியில், வீட்டுப் படியில் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. ஜலஜா மகள் சாஹித்யாவின் தலையில் எண்ணெயை விரலால் ஒற்றி ஒற்றி வைக்கிறாள். சீப்பு பட்டாலே முடி ஒடிகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று, அடர்ந்த சுருட்டை முடியைப் பார்லரில் சூடு வைத்து நேராக்கச் சொன்னவள் ஜலஜாதான். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, பெண் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். தெருவில், உதிர்ந்த முடிக்குப் பாத்திரம் தருகிறவனின் ஒலிபெருக்கி அலறுகிறது. ஜன்னல் கம்பியில் செருகியிருந்த மகளின் முடிச்சுருளை எடுத்துக்கொண்டு ஜலஜா ஓடுகிறாள். அவன் ஓர் இழையை இழுத்துப் பார்க்கிறான். பட்டென்று அறுகிறது. “நக்கோம்மா, வேண்டாம். கருகின முடி.” எடுத்த ஸ்டீல் கிண்ணத்தை மறுபடி வண்டியிலேயே வைக்கிறான். சுருளோடு திரும்பும் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் சாஹித்யா கேட்கிறாள்: “இவனும் வேண்டாம்னுட்டானாம்மா?”