குளிர்ந்த விரல்கள்

"திருடி! அங்கிப் பையில என்ன வச்சிருக்க? காட்டு!"

கடல்பாலத்தின் மேல், உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கத்தினான் வெர்னர். அவன் மனைவி குட்ரூன் குளியல் அங்கியின் பையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. முதல்ல துண்டைப் போத்திக்கோ, கிழவா."

"ஒண்ணுமில்லையா? நீ நடந்தா கலகலங்குது! மிட்டாய் டப்பாதானே அது?"

குளிர்காலத்தில் கடலில் முங்கி எழும் கிழடுகள் நாங்கள். எங்கள் டென்மார்க்கில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு கூட்டம் உண்டு. காலையில் ஒரு முங்கு. ஓடிப்போய் நீராவிக் குடிசை. பிறகு ஆளுக்கு ஒரு மடக்கு சோம்புச் சாராயம்.

குட்ரூன் மட்டும் அதைத் தொடமாட்டாள். குப்பியைத் திறந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் போய்விடுவாள். "கர்மம், அந்தச் சோம்பு நாத்தம்!" என்பாள். சின்ன வயதிலிருந்தே ஆகாதாம்.

வெர்னருக்குச் சர்க்கரை வியாதி. பல வருஷமாக மாத்திரை. புத்தாண்டு பிறந்ததும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் ஒரேயடியாக விட்டுவிட்டான். எங்கள் ஊரில் அந்த இரண்டையும் விட்டவன் பாதிச் சாமியார். வீட்டிலிருந்த ஜாம், பிஸ்கட், சர்க்கரை எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயின.

"உன்கூட நானும் விட்டுட்டேன்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னவள்தான் குட்ரூன்.

கடலிலிருந்து ஏறியதும் வெர்னர் விரலைக் குத்தி மீட்டரில் சர்க்கரை அளவு பார்ப்பான். எங்கள் நாட்டு மீட்டரில் நாலிலிருந்து ஏழு வரை காட்டினால் சரியான அளவு.

"மூணு புள்ளி ரெண்டு! பால்லே, உனக்கு எவ்வளவு?"

"ஒன்பது. நான் மனுஷன்பா, கேக் திங்கிறேன்" என்பான் எங்கள் கூட்டத்தின் இன்னொரு சர்க்கரைக்காரன் பால்லே.

குட்ரூனுக்கு மட்டும் சிரிப்பு வராது. "நாலுக்குக் கீழ போகக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. சாப்பாட்டைக் குறைச்சாச்சு, மாத்திரையையும் குறைக்கணுமான்னு ஒரு போன் பண்ணிக் கேளேன்."

"கடல்ல முங்கின விரல்டி! ஜில்லுனு இருக்கு. அதான் மீட்டர் கம்மியா காட்டுது."

"அப்ப வீட்ல ஏன் வேர்த்துக் கொட்டுது?"

"டாக்டரைப் பார்க்கப் போறது ஏப்ரல்ல. அதுவரைக்கும் அதே மாத்திரைதான். சும்மா தொணதொணக்காத!"

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். விரல் குளிர்ந்திருக்கிறதாம். போதாக்குறைக்குக் கோபம் வேறு. செருப்பு இடம் மாறியிருந்தால் கத்தல். காற்று அடித்தால் கத்தல். அவன் கடலிலிருந்து ஏறுகிற நேரம் பார்த்து நாங்கள் குடிசைக்குள் நழுவிவிடுவோம்.

அன்றைக்கு நழுவ முடியவில்லை.

"நான் உருளைக்கிழங்கைக் கனவுலகூடத் தொடுறதில்ல. இவ என்னடான்னா பையில மிட்டாய் வச்சு சப்புறா! விரதமாம் விரதம்!"

"பொண்டாட்டி வேஷம் கலைஞ்சு போச்சே" என்று என் காதில் கிசுகிசுத்தான் பால்லே. எனக்கும் அப்படித்தான் பட்டது.

"சரிப்பா, நான் திருடிதான். துண்டைப் போத்து" என்றாள் குட்ரூன்.

"போத்த மாட்டேன்! இன்னொரு முங்கு போடுவேன். என்ன பண்ணுவ?"

விறுவிறுவென்று ஏணியில் இறங்கினான். பாதி இறங்கியதும் கை நழுவியது. பார்வை எங்கோ போனது. நானும் பால்லேயும் பாய்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். குடிசைக்குள் கொண்டுபோய் அடுப்பருகே உட்கார வைத்தோம். தாடை நடுங்குகிறது, நெற்றியில் வேர்வை ஓடுகிறது, அப்போதும் வாய் அடங்கவில்லை.

"எவன்டா என் துண்டை எடுத்தது?"

"துண்டு உன் தோள்லதான் இருக்கு. வாயைத் திற!" குட்ரூன் டப்பாவை உடைக்காத குறையாகத் திறந்து இரண்டு மிட்டாயை அவன் வாயில் திணித்தாள். "சப்பாத. கடிச்சு முழுங்கு!"

அவன் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து, அடுப்புக்கு நேரே பிடித்துச் சூடேற்றினாள். பால்லே விரலைக் குத்தினான்.

"ரெண்டு புள்ளி ஆறு" என்றான், குரல் இறங்கிப்போய். "விரல் சுடுது வெர்னர். இப்ப என்ன சொல்ற?"

வெர்னர் அந்த விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

குட்ரூன் கைப்பேசியில் நர்ஸைப் பிடித்தாள். "ரொட்டியை விட்டுட்டு மாத்திரையை அப்படியே முழுங்கினா எப்படிம்மா?" என்று அந்தப் பெண் அலறியது எங்களுக்கே கேட்டது. "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, மாத்திரையைக் குறைக்கணும். ஆமா, அவருக்கு எரிச்சல், கோபம் உண்டா? சர்க்கரை இறங்கினா அதுவும் வரும்."

"அப்படின்னா நாப்பது வருஷமா இறங்கிக் கிடக்கு" என்றான் பால்லே.

வெர்னரின் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. குட்ரூன் இன்னொரு மிட்டாயைத் திணித்தாள்.

"இதைத்தான் பையில வச்சிருந்தியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இதையும் குப்பையில போட்டிருப்ப."

வெர்னர் வாயில் நொறுங்கியதை நாக்கால் துழாவினான். நெற்றி சுருங்கியது.

"இது சோம்பு மிட்டாய்."

"ஆமா. உனக்குப் பிடிச்சதுதானே."

"உனக்குத்தான் சோம்பு வாசனையே ஆகாதே?"

குட்ரூன் டப்பாவை மூடி அவன் மடியில் வைத்தாள். எழுந்து வெளியே போனாள். பாலத்தின் கடைசிப் படியில் குந்தி, பனிக்கட்டி மிதக்கும் கடலில் விரல்களை விட்டு, மூக்கைச் சுளித்தபடி தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.