மூடிவைத்த வாளி

"பாரம் தூக்காதீங்க" என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நான் பெரிய வீரன் அல்லவா, வீடு வந்த மறுநாளே பின்கதவடியில் மூடியிருந்த வாளியைத் தண்ணீர் என்று நினைத்துத் தூக்கினேன். நெஞ்சுத் துடிப்பைச் சரிபண்ணத் தொடையிடுக்கில் குழாய் விட்ட துளை திறந்துகொண்டது.

இரத்தம் என்று நினைத்துக் கட்டைப் பிரித்தேன். கறுத்த சேறு. சுனாமி வடிந்த பிறகு, நாங்கள் அப்போதிருந்த நாவலடிக் கடற்கரையில் மூக்கை அடைத்த அதே அழுகல் நாற்றம். அதற்குள் ஒரு கூனி இறால் துடித்தது, என் இதயத்தைவிட ஒழுங்காக. வாந்தியெடுத்தேன். யுத்தம் முடிந்து நாங்கள் குடியேறிய கொக்கட்டிச்சோலையில் வயல்தான் உண்டு, கடல் இல்லை.

"இரத்தம் கண்டின காயம், ஆறிடும்" என்றார் கிளினிக் தாதி, கட்டைப் பார்க்காமலே.

மனைவி சுதர்சனா முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டாள். எனக்கு அதுதான் பயம்.

"எனக்குச் சுகமா இல்லையா? நேராச் சொல்லு."

"நெஞ்சு சுகம். இது வேற. சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய உங்கட பாயில இதைத்தான் வழிக்கிறன். பயப்பிடுவீங்க எண்டு சொல்லல்ல."

"வழிச்சு எங்க போடுறாய்?"

"நேத்து நீங்க தூக்கினீங்களே, அந்த வாளியிலதான்."