ஒருத்தர் மட்டும் விடவில்லை

அந்த அலுவலகத்தில் நாலு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ்தான். அது மக்கர் பண்ணினால் நெட்வொர்க்காரர் வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பார். அவரவர் தங்கள் திரையில் அதை மூடிவிட்டு "விட்டாச்சு" என்று கத்துவார்கள். எல்லாரும் விட்டால்தான் அவர் அதில் கை வைக்க முடியும்.

இன்றைக்கும் நாலு பேரும் கத்திவிட்டார்கள். ஆனால் சர்வர் திரையில் ஒரு இணைப்பு மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்களைச் சர்வரோடு இணைக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து அவர் நாலு கேபிளையும் பிடுங்கினார். போகவில்லை. சர்வரை அணைத்துப் போட்டார். மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"விட்டுத் தொலையேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

கணக்கு பார்க்கும் அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அதட்டினா விட மாட்டாங்க தம்பி. தன்மையா கேளுங்க."

"யாரு அக்கா?"

"அதெல்லாம் நாங்க கேட்டதில்ல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு, "கொஞ்சம் விடுங்களேன். முடிச்சதும் தந்துடறேன்" என்றார். இணைப்பு போய்விட்டது.

பழுதைச் சரிபண்ணி, கேபிள்களைச் செருகி, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். வாக்குக் கொடுத்தாயிற்றே. திரும்பி வந்து, "முடிஞ்சுது, எடுத்துக்கோங்க" என்றார்.

சுவிட்ச் பெட்டியில் கேபிளே இல்லாத கடைசித் துளையில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா தன் நாற்காலியைச் சற்றே நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள்.