இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே

ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டையின் இக்கரையில் நவமணி நிற்கிறாள். அக்கரைத் தோட்டத்தில் அவள் தங்கை காத்தாயி, லூமுட்டுக்குப் போகும் மாட்டுவண்டியில் மூட்டையோடு ஏறுகிறாள். தோட்டத்துத் துரை அவளை அங்கே வேலைக்கு மாற்றிவிட்டான், யாரைக் கேட்டான்? மஞ்சள் வெயில் சுண்ணாம்பு மலையில் சரிகிறது. சுரங்கத்தின் இரண்டு பம்பு எஞ்சின்களும் சேர்ந்து ஓடினால் சத்தம் அலையலையாய் ஏறும், பிறகு ஒன்றையொன்று விழுங்கித் தணியும். தணிகிற அந்த மூச்சு நேரத்தில்தான் இத்தனை வருஷமும் தண்ணீருக்கு மேலே இவர்கள் பேச்சு. "அக்கா, இன்னைக்கும் கருவாடுதானா?" "ஒன் மாமியா மூக்குக்கு எட்டிருச்சாடி?" இன்று ஒரு எஞ்சின் பழுது. மற்றது, விழுங்க இணையில்லாமல், தணியவே தணியாமல் ஒரே மட்டமாய் இரைகிறது. காத்தாயியின் வாய் அசைகிறது. "கேக்கலடி, இன்னொருக்கா சொல்லு," என்று நவமணி கத்துகிறாள். வண்டி நகர்கிறது. நவமணி கல்லொன்றை எடுத்து எஞ்சினைப் பார்த்து வீசுகிறாள். அது குட்டையில் விழுகிறது. விழுந்த சத்தமும் கேட்கவில்லை.